ஓலையிலிருந்து திரைக்கு

நாஞ்சில் நாட்டின் அழகியபாண்டியபுரத்தில், பெரியவீட்டு முதலியார் இல்லத்தில் பழைய ஓலைகள் கட்டுக்கட்டாய் இருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றை அறிஞருலகிற்கு அறிமுகப்படுத்தினார். நிலம், வரி, அடிமை விற்பனை பற்றிய செய்திகள் அவற்றுள் உள்ளன. ஓலை எவரிடம் இருந்ததோ, அவரிடமே கணக்கும் இருந்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. இன்று மாவட்டம், வட்டம், ஊர், புல எண் ஆகியவற்றை இட்டு அரசின் இணையதளத்தில் பட்டாவைக் காணலாம். கணக்கு, காப்பவர் கையிலிருந்து உரியவர் கைக்கு வந்திருக்கிறது.

எனினும், எழுத்தறியாத மூதாட்டிக்கு ஓலையும் திரையும் ஒன்றே. பதிவில் பெயர் பிழைபட்டிருப்பின் அதனை அவர் எவ்வாறு அறிவார்? இ-சேவை மையத்தில் அவர் நீட்டும் தாளைப் படித்துச் சொல்லும் குரல் உங்களுடையதாகட்டும்.