ஐப்பசி மழையில் சங்கடி

கேள்வி: நான் சென்னைப் பெண். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் கேழ்வரகு என்றாலே வெயில் காலத்துக் கூழ்தான். உடம்புக்குக் குளிர்ச்சி என்பார் அம்மா. இங்கே ஐப்பசி அடைமழையில் மாமியார் ராகி சங்கடி கேட்கிறார். சளி பிடிக்காதா? நான் கிளறினால் கட்டி கட்டியாக வேறு போகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, திருப்பதி

பதில்: அம்மா சொன்னதும் சரி, மாமியார் கேட்பதும் சரி. தானியம் ஒன்று, பக்குவம்தான் வேறு. கூழைப் புளிக்கவைத்து, மோர் விட்டுக் கரைத்து, ஆறக் குடிக்கிறோம். சங்கடியை இறக்கிய சூட்டோடு ஆவி பறக்கச் சாப்பிட வேண்டும். சளியைக் கொண்டுவருவது வைரஸ். அந்தப் பழியைக் கேழ்வரகின் மேல் போடாதீர்கள்.

சித்தூரும் திருப்பதியும் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஊர்கள். வேலூர்ப் பக்கத்துக் களிதான் அங்கே சங்கடி. அதில் அரிசியும் சேரும்.

கட்டி விழுவது அவசரத்தால். கொதிநீரில் மாவைக் கொட்டியதும் கிளறினால், ஒவ்வொரு உருண்டையின் மேல்பக்கமும் சட்டென்று வெந்து பசையாக மூடிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்காது; நடுவில் பச்சை மாவு அப்படியே நிற்கும்.

ஒரு டம்ளர் பச்சரிசி நொய்யை ஐந்து டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவையுங்கள். தண்ணீர் மேலே தளதளக்கும்போதே தீயைக் குறைத்து, ஒரு டம்ளர் மாவை நடுவில் குன்றுபோல் கொட்டுங்கள். கிளறவே கூடாது. துடுப்புக் காம்பால் குன்றின் நடுவே ஒரு குழி போட்டு, மூடிவைத்துப் பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். குழி வழியே ஆவி ஏறி மாவு கறுத்துவரும். அப்புறம் இறக்கி, பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்டுங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஈரக் கையால் உருட்டி, நடுவில் பள்ளம் செய்து நெய் விடுங்கள்.

தொட்டுக்கொள்ள நாட்டுக்கோழிப் புலுசு, அதாவது குழம்பு. கார்த்திகையில் கவுச்சி தொடாத வீடென்றால், கொள்ளு வேகவைத்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்ட ரசம், கூடவே வேர்க்கடலைச் சட்னி. அந்தப் பக்கத்து மானாவாரிக் கடலை வீட்டுக்கு வரும் பருவமும் இதுதான்.

100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வயதான எலும்புக்கு நல்லது. ஆனால் மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் சிறிய உருண்டை ஒன்றோடு நிறுத்துங்கள். கேழ்வரகானாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான்.

ராத்திரி மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். மறுநாள் மழை விட்டு வெயிலடித்தால், மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடியுங்கள். அம்மா வீட்டுக் கூழும் ஆயிற்று.