மலைச் சரிவில் தாங்கு சுவர்

முந்தலில் ஏறத் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைவோர், புலியூத்து அருவியின் எழிலிலும் பள்ளத்தாக்கின் தோற்றத்திலும் மனம் பறிகொடுத்தல் இயல்பே. ஆயினும், ஒருபுறம் மேலிருக்கும் மண்ணைத் தடுத்தும், மறுபுறம் சாலையையே சுமந்தும் நிற்கும் கருங்கற் சுவர்களை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வழி மண்சரிந்து அடைபடுவதையும், ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் ஜீப்புகள் நடுவழியில் நின்றுவிடுவதையும் போடி மக்கள் நன்கறிவர். இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் மலைச்சரிவில் வீடோ, ஏலக்காய் ஸ்டோரோ கட்டியவர் பலர். ஆதலின் இச்சுவர்களின் இயல்பைச் சிறிது ஆராய்தல் பயனுடைத்து.

சுவர் சாய்ந்தவுடன், "மண்பாரம் தாங்கவில்லை" என்பது வழக்கமான கூற்று. அது பாதி உண்மையே. 3 மீட்டர் உயரச் சுவர் ஒன்றைக் கொள்வோம். அதன் பின்னே மேற்பரப்பு மட்டமாக உள்ள மணற்பாங்கான மண், நீர் வடிந்த நிலையில், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 2.7 டன் விசையோடு சுவரைத் தள்ளும். அதே மண்ணில் மழைநீர் வழியின்றித் தேங்கி உச்சிவரை நிறைந்துவிட்டால் என்னாகும்? நீரில் மிதப்பதால் மண்ணின் பங்கு 1.5 டன்னாகக் குறையும். ஆனால் நீர் மட்டுமே 4.5 டன் தள்ளும். ஆகமொத்தம் 6 டன். மேலே 60 செ.மீ., அடியில் 1.6 மீட்டர் அகலமுள்ள கற்சுவரின் எடை சுமார் 7.9 டன். அடித்தள உராய்வினால் அது ஏறத்தாழ 4.7 டன்னை எதிர்க்க வல்லது. வறண்ட நாளில் அச்சுவர் அசையாது. நீர் தேங்கிய நாளில் நகர்ந்தே தீரும். மண்ணும் அதுவே, சுவரும் அதுவே. வேறுபட்டது நீர் ஒன்றுதான்.

"சுவரின் கனத்தைக் கூட்டினால் போதாதோ?" என்று கேட்பவர் உண்டு. 6 டன்னைப் போதிய பாதுகாப்போடு எதிர்க்கச் சுவரின் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்க வேண்டும். அன்றியும் நீர் அடித்தளத்தின் கீழும் புகுந்து சுவரை மேல்நோக்கி உந்துமாயின், கூட்டிய எடையிலும் ஒரு பகுதி வீணாகும்.

இம்மேலுந்து விசையை உலகம் எளிதில் உணரவில்லை. பிரான்சு நாட்டின் பூசே அணை 1895 ஏப்ரல் 27ஆம் நாள் உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, அணைக்கட்டு வல்லுநர் இதனைக் கணக்கில் கொள்ளத் தலைப்பட்டனர். நமது மாவட்டத்து வயல்களை வாழவைக்கும் பெரியாற்று அணை திறக்கப்பட்டதும் அதே 1895ஆம் ஆண்டின் அக்டோபரில்தான். பென்னிகுவிக் துரை 1887இல் அதனைக் கட்டத் தொடங்கிய காலத்தில் இவ்விசையைக் கணக்கிடும் வழக்கம் இல்லை. 1979ஆம் ஆண்டுக்குப் பின் மத்திய நீர்வளக் குழுமத்தின் ஆலோசனைப்படி அவ்வணை வலுவூட்டப்பட்டது. உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றினர். அணையை ஊடுருவித் துளையிட்டு எஃகு வடங்களால் பாறையோடு பிணைத்தனர். பின்புறம் கான்கிரீட் அணைவு கொடுத்தனர். அவ்வணைவினுள் கசிவுநீரை வடிக்கும் சுரங்கவழியும் அமைந்தது என்பதே நமக்கு இங்கு வேண்டுவது. அத்துணைப் பெரிய அணைக்கும் எடை மட்டும் போதவில்லை, வடிகாலும் வேண்டியிருந்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம். சுவரின் பின்னே குறைந்தது ஓரடி அகலத்திற்குச் சல்லி நிரப்புக. தோண்டிய களிமண்ணையே மீண்டும் கொட்டுதல் கூடாது. மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய்களை ஐந்தடிக்கு ஒன்றாக, வெளிப்புறம் சற்றே சரியுமாறு, வரிசை மாற்றிப் பதிக்க வேண்டும். கீழ்வரிசை தரைமட்டத்தை ஒட்டி இருத்தல் இன்றியமையாதது. மேட்டிலிருந்து வழிந்துவரும் நீரை, சுவருக்குப் பின்னே மேற்புறத்தில் வெட்டிய கால்வாயால் பக்கவாட்டில் திருப்புதல் எல்லாவற்றினும் மலிவான காப்பு. மலைப்பகுதித் தாங்கு சுவர்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பு 14458 எனும் எண்ணில் விதித்தொகுதி வெளியிட்டுள்ளது. பணிபுரியும் பொறியாளர் அதனைக் கையில் வைத்திருத்தல் நலம்.

பழைய தோட்டங்களில் சுண்ணமோ சிமெண்டோ இன்றி அடுக்கிய கற்சுவர்கள் நெடுங்காலமாக நிற்பதன் இரகசியமும் இதுவே. ஒவ்வோர் இடுக்கும் அங்கே ஒரு வடிகால். அழகுக்காக அவற்றின் முகத்தில் சிமெண்ட் பூசும் புதுமோகம் ஒன்று பரவியுள்ளது. இருக்கும் வடிகாலை நாமே காசு கொடுத்து அடைப்பதற்கு வேறு பெயரில்லை. பூசித்தான் ஆகவேண்டுமெனில், முதலில் குழாய்களை வைத்துவிட்டுப் பூசுக.

சுவர் நடுவே வயிறு தள்ளினாலும், மேல்தரையில் சுவருக்கு இணையாக வெடிப்புக் கண்டாலும், குழாயில் தெளிந்த நீருக்கு மாறாகக் கலங்கல் நீர் வந்தாலும் காலந்தாழ்த்தலாகாது. அடியில் குடியிருப்போரை அப்புறப்படுத்திய பின்னரே பொறியாளரை அழைக்கச் செல்லுங்கள். மழையிலே பெருகிய குழாய் திடீரென வறண்டு போயின், நீர் வற்றியது என மகிழ வேண்டா; பெரும்பாலும் குழாய் அடைபட்டிருக்கும். ஆண்டுதோறும் புரட்டாசியிலேயே ஒரு நீண்ட கம்பியை ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, வேரும் சேறும் நீக்கி வைக்க ஓர் ஆளும் அரைநாளுமே தேவை.