தியேட்டருக்கு அடி விழுவது மூணாவது வாரத்தில்: ஓடிடி வந்த பிறகு ஒரு சினிமா தியேட்டரின் கணக்கு

மல்டிபிளெக்ஸ் பங்குகளைப் பற்றி நம்ம சேனலில் வீடியோ போட்ட பிறகு, திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒண்ணுதான். "சார், எல்லாப் படமும் நாலு வாரத்துல வீட்டுக்கே வந்துடுது. இனிமே தியேட்டருக்கு யார் போவாங்க?"

போவாங்க. பெரிய படம் வெளியாகும் முதல் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைக்குதான்னு பாருங்க, தெரியும். ஆனா தியேட்டர் பிழைக்குமா என்பதை எத்தனை பேர் போறாங்க என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த வாரம் போறாங்க என்பதும் தீர்மானிக்குது. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைத்தான் இன்னைக்கு எண்களோட பார்க்கப் போறோம்.

முதலில் கொஞ்சம் பின்னாடி போவோம். 2020 மார்ச்சில் தியேட்டர்கள் மூடப்பட்டன. மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. அந்த அறிவிப்பு வந்தபோதே, இனி அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் படங்களைத் திரையிட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் சொன்னார்கள். பிறகு 'சூரரைப் போற்று', 'ஜகமே தந்திரம்', 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்' என்று வரிசையாக நேரடி ஓடிடி படங்கள். அப்போ எல்லாருக்கும் இருந்த பயம், பெரிய படங்கள் தியேட்டருக்கே வராமல் போய்விடுமோ என்பதுதான்.

அந்தப் பயம் பலிக்கவில்லை. பெரிய நடிகர்களின் படங்கள் தியேட்டருக்குத் திரும்பி வந்துவிட்டன. ஆனா திரும்பி வந்தபோது ஒரு விஷயம் மாறியிருந்தது. 2021 ஜனவரி 13 அன்று 'மாஸ்டர்' வெளியாகி, பாதி இருக்கைகளுக்குத்தான் அனுமதி என்ற நிலையிலும் கூட்டம் கூட்டியது. ஜனவரி 29 அன்று, அதாவது 16 நாளில், அதே படம் பிரைமில். கொரோனா காலம் என்பதால் நடந்தது என்று அன்றைக்குச் சொன்னோம். ஆனா அதன் பிறகு தமிழ்ப் படங்களுக்கு நாலு வாரம் என்பதே வழக்கமாகிப் போனது. 2024 செப்டம்பர் 5 அன்று வெளியான 'தி கோட்', அக்டோபர் 3 அன்று நெட்பிளிக்ஸில் வந்துவிட்டது.

இப்போ கணக்கு. தியேட்டருக்கும் விநியோகஸ்தருக்கும் வசூல் எப்படிப் பிரியுது என்பது படத்துக்குப் படம், ஊருக்கு ஊர் மாறும். எம்ஜி, அட்வான்ஸ், டிஸ்ட்ரிபியூஷன் என்று முறைகளும் வேறு வேறு. ஆனா சதவீத முறையில் பொதுவான போக்கு ஒன்று உண்டு: முதல் வாரம் விநியோகஸ்தருக்கு அதிகம், வாரம் போகப் போக தியேட்டரின் ஷேர் கூடும். (சினிமாக்காரர்கள் 'ஷேர்' என்று சொல்வது வசூலில் கிடைக்கும் பங்கு. நம்ம டீமேட் கணக்கில் இருக்கும் ஷேரோடு குழப்பிக்காதீங்க.)

ஒரு உதாரணம் போடுவோம். எண்கள் எல்லாம் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. 400 இருக்கை, தினம் 4 காட்சி. வாரத்துக்கு 11,200 இருக்கைகள். வரி போக டிக்கெட் 100 ரூபாய். தியேட்டருக்கு முதல் வாரம் 30%, இரண்டாவது வாரம் 40%, அதன் பிறகு 50%. கேன்டீன், பார்க்கிங் வழியாக ஆளுக்கு 30 ரூபாய் மிஞ்சுது. இதில் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது.

அப்படின்னா முதல் வாரம் வருகிற ஒருத்தர் தியேட்டருக்கு 60 ரூபாய் தருகிறார். மூணாவது வாரம் வருகிறவர் 80 ரூபாய் தருகிறார். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. மூணாவது வாரம் வரவேண்டிய 1,000 பேர் "அடுத்த வாரம் ஓடிடில வந்துடும்" என்று வீட்டில் இருந்துவிட்டால், அந்த 80,000 ரூபாயை ஈடுகட்ட முதல் வாரம் கூடுதலாக 1,333 பேர் வரணும். முதல் வார சனி, ஞாயிறு ஏற்கெனவே நிரம்பிவிடும் படத்துக்கு இவங்களை எங்கே உட்கார வைப்பது? விலையை ஏத்தலாம் என்றால், தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசின் உச்சவரம்பு இருக்கு. 2017-ல் மல்டிபிளெக்ஸுக்கே வரி நீங்கலாக 150 ரூபாய் என்றுதான் வைத்தார்கள்.

இதே தியேட்டரில் ஒரே படத்தை இரண்டு விதமா ஓட்டிப் பார்ப்போம்.

பழைய மாதிரி: நாலு வாரமும் முறையே 60%, 40%, 30%, 20% நிரம்புது. மொத்தம் 16,800 டிக்கெட். தியேட்டருக்கு வருவது 11,64,800 ரூபாய்.

நாலு வார ஓடிடி வழக்கத்தில்: ஆர்வம் எல்லாம் முதல் வாரத்தில் குவியுது, 70%, 35%, 15%, 5%. மொத்தம் 14,000 டிக்கெட். தியேட்டருக்கு 9,24,000 ரூபாய்.

மின்சாரம், சம்பளம், ஏசி பராமரிப்பு, கடன் வட்டி எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 2 லட்சம் என்று வைங்க. கூட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் இந்தச் செலவு நிற்காது. நாலு வாரத்துக்கு 8 லட்சம். பழைய மாதிரியில் மிச்சம் 3,64,800. புதிய மாதிரியில் 1,24,000.

ஆட்கள் குறைந்தது ஆறில் ஒரு பங்குதான். மிச்சமோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

விநியோகஸ்தர் பக்கம் அதே கணக்கைப் போட்டால், 10,19,200 ரூபாய் 8,96,000 ஆகுது. குறைவு 12% சொச்சம். அந்தப் பக்கம் இருக்கும் தயாரிப்பாளருக்கு ஓடிடி பணம் தனியாக வருது. அதனால் அவருக்கு நாலு வாரம் என்பது நல்ல வியாபாரம். தியேட்டர்காரருக்கு அந்தப் பணத்தில் ஒரு பைசா கிடையாது. இரண்டு பேரும் ஒரே படத்தை வைத்துத் தொழில் செய்கிறார்கள்; ஆனா நஷ்டம் ஒருத்தர் புத்தகத்தில், ஈட்டுத்தொகை இன்னொருத்தர் புத்தகத்தில். 2024 ஜூலையில் முன்னணி நடிகர்களின் படங்கள் 8 வாரம் கழித்தே ஓடிடிக்குப் போகணும் என்று சங்கங்கள் பேசி முடிவெடுத்த பிறகும், 'தி கோட்' நாலு வாரத்தில் வந்ததுக்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. தீர்மானத்தை மீறினால் யாருக்கு எவ்வளவு செலவு என்று எழுதப்படாத வரை, தீர்மானம் வெறும் காகிதம்தான்.

"மூணாவது வாரம் வேற படம் போட்டுக்கலாமே சார்?" போடலாம். அதற்குத் தொடர்ந்து ஓடக்கூடிய படங்கள் வரணும். 2024 ஏப்ரலில் 20 வருஷப் பழைய 'கில்லி' மறுபடி வெளியாகி அரங்கை நிறைத்தது, எல்லாரும் கொண்டாடினோம். கணக்காளரா எனக்கு அதில் இன்னொண்ணும் தெரிந்தது. புதுச் சரக்கு போதாதபோதுதான் கடைக்காரர் பழைய சரக்கைத் தூசி தட்டி முன்னாடி வைப்பார்.

எட்டு வாரம் வந்தால் சரியாகிடுமா?

பாதி சரியாகும். ஹிந்தியில் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் 8 வார இடைவெளி கேட்கின்றன. 'லியோ', 'தி கோட்' இரண்டின் ஹிந்திப் பதிப்பும் அந்தத் திரைகளில் வராததற்கு நாலு வார ஒப்பந்தம்தான் காரணம். 2025 மே மாதம் 'பூல் சுக் மாஃப்' என்ற ஹிந்திப் படம் கடைசி நேரத்தில் தியேட்டரை விட்டுவிட்டு நேரடியாக பிரைமுக்குப் போவதாக அறிவித்தது. பிவிஆர் ஐநாக்ஸ் 60 கோடி இழப்பீடு கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. கடைசியில் மே 23 அன்று தியேட்டர், ஜூன் 6 அன்று ஓடிடி என்று முடிந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் இப்படிக் கேட்கலாம். நம்ம ஊர் தனித் திரையரங்குகளில் எத்தனை பேரிடம் இடைவெளியைப் பற்றி ஒரு வரி எழுத்தில் இருக்கு?

ஆனா எட்டு வாரம் படத்தின் தரத்துக்கு மருந்து இல்லை. 'தக் லைஃப்' 2025 ஜூன் 5 அன்று எட்டு வார ஒப்பந்தத்தோடு வெளியானது. படம் ஓடவில்லை. ஜூலை 3 அன்று, சரியா நாலு வாரத்தில், நெட்பிளிக்ஸில் வந்துவிட்டது. மறுபக்கம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024 பிப்ரவரி 22 அன்று வெளியாகி மே மாதம்தான் ஓடிடிக்கு வந்தது. ஒரு மலையாளப் படம், மொழிமாற்றம்கூடச் செய்யாமல், தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது. மேலே சொன்ன 50% வாரங்கள் தியேட்டர்காரர்களுக்குக் கிடைத்த அபூர்வமான காலம் அது.

பங்கு வைத்திருப்பவர்களுக்கு

நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. வாங்கு, விற்காதே என்று சொல்ல மாட்டேன். ஆனா முடிவுகளை எப்படிப் படிக்கணும் என்று சொல்லலாம். பிவிஆரும் ஐநாக்ஸும் 2023 பிப்ரவரியில் ஒன்றாயின. அந்த ஜனவரி-மார்ச் காலாண்டில் நஷ்டம் சுமார் 333 கோடி. ஆறு மாதத்தில் 50 திரைகளை மூடுவதாகவும் அறிவித்தார்கள். 2023-24-ல் சராசரி டிக்கெட் விலை 259 ரூபாய், ஆளுக்கு உணவுச் செலவு 132 ரூபாய். "பாப்கார்ன்ல கொள்ளையடிக்கிறாங்க" என்று நாம திட்டுவோம். டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி வெளியே போகுது, பாப்கார்ன் பணம் போகாது. அதனால்தான் அந்த விலை. எனக்கும் எரிச்சல்தான், ஆனா காரணம் புரியுது.

இன்னொண்ணு. வாடகை மால்களில் நடக்கும் தொழில் என்பதால் இந்தியக் கணக்கியல் தரம் 116 இங்கே எண்களைப் பெரிதாகப் புரட்டிப் போடும். வாடகை, தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரிந்து கீழே போய்விடும்; மேலே எபிட்டா அழகாகத் தெரியும். நிறுவனமே இந்தத் தாக்கத்தை நீக்கிய எண்களையும் கொடுக்குது. அதைப் பாருங்க. லாபம் என்ற தலைப்புச் செய்தியை விட, எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை நாலு காலாண்டு வரிசையாக வைத்துப் பாருங்க.

குடும்பத்துக்குச் சொந்தமாகத் தியேட்டர் இருந்தால்

இதுதான் எனக்கு நிஜமா மனசுக்குக் கஷ்டமான பகுதி. சென்னை அசோக் நகரில் உதயம் தியேட்டர் 2024-ல் மூடப்பட்டது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் அகஸ்தியா, ஏவிஎம் ராஜேஸ்வரி. செய்திகளில் "ஓடிடியால் மூடப்பட்டது" என்று எழுதிவிடுவார்கள். கணக்கு புத்தகத்தில் வேற மாதிரி தெரியும்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் அண்ணன் தம்பி மூணு பேர் நடத்தும் தியேட்டர் எனக்குத் தெரியும். எண்களை மாற்றிச் சொல்றேன். வருஷத்துக்கு 9 லட்சம் மிஞ்சுது. தியேட்டர் நிற்கும் நிலத்தின் இன்றைய மதிப்பு 6 கோடி. ஒன்றரை சதவீதம்கூட முழுசா இல்லை, கட்டடத்தைக் கணக்கில் சேர்த்தால்.

விற்றால் என்ன ஆகும்? நிலம் மூணு பேர் பெயரில் தனித்தனிப் பங்காக இருக்கு. 2001 ஏப்ரல் 1 மதிப்பு 60 லட்சம் என்று வைத்தால், லாபம் 5.4 கோடி. 12.5% வரி 67.5 லட்சம்; சர்சார்ஜ், செஸ் சேர்த்து சுமார் 81 லட்சம். பணவீக்கக் குறியீட்டோடு 20% போட்டால் இதைவிட அதிகம் வருது, 2025-26-ல் விற்றாலும். மீதி 5.19 கோடியை 7% வட்டியில் போட்டால் வருஷத்துக்கு 36 லட்சம். ஒன்பதா, முப்பத்தாறா? (கட்டடத்துக்குத் தேய்மானம் எடுத்திருந்தால் அதன் லாபம் குறுகிய காலக் கணக்கில் தனியாக வரும். நிலத்தையும் கட்டடத்தையும் விற்பனைப் பத்திரத்தில் பிரித்துக் காட்டச் சொல்லுங்க. நிலம் கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் 20% வாய்ப்பே கிடையாது, நேரே 12.5%தான்.)

மூத்தவருக்கு விற்க மனசில்லை. அப்பா கட்டினது. நடுவில் இருப்பவர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்தது: 700 இருக்கை அரங்கை 220, 180 என்று இரண்டு திரையாகப் பிரிப்பது. முதல் வாரம் இரண்டிலும் ஒரே படம். மூணாவது வாரம் அதைச் சின்னத் திரைக்குத் தள்ளி, 50% ஷேரில் ஓடவிட்டு, பெரிய திரையில் புதுப் படம். மேலே போட்ட கணக்குக்கு இது நேரடி பதில். ஆனா சி ஃபார்ம் உரிமம் புதுசா எடுக்கணும், தீயணைப்பு, மின்சாரம், கட்டடச் சான்றுகள் வாங்கணும், இரண்டு புரொஜெக்டர், கடன். 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது இவங்க மாதிரி ஊர்களுக்கு ஒரு மூச்சு. 101 ரூபாய் ஆனால் 18%. ஆகவே விலையை 100-க்குள் நிறுத்தித்தான் திட்டம் போடணும்.

விற்பதா, பிரிப்பதா என்று என்னைக் கேட்டார்கள். 2019 முதல் இன்று வரையிலான டிசிஆர் எல்லாத்தையும் எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் மூணாவது வாரம் முதல் கையில் நின்ற தொகையைத் தனியாகக் கூட்டிக் கொண்டுவரச் சொன்னேன். அந்தத் தொகை பிரிப்பதற்கு வாங்கும் கடனின் தவணையைத் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் வங்கிக்குப் போகணும். கேன்டீன், பார்க்கிங் குத்தகையையும் வருஷ மொத்தத் தொகையாக வைக்காமல், டிக்கெட் எண்ணிக்கையோடு சேர்த்து எழுதச் சொல்லியிருக்கேன். கூட்டம் குறைந்தால் குத்தகைக்காரர் பாதியில் வந்து குறைக்கச் சொல்வார். கூடினால் தானாக வந்து ஏத்தித் தரமாட்டார். உங்க குடும்பத்திலும் தியேட்டர் இருந்தால், டிசிஆர் மூட்டையை எடைக்குப் போடுவதற்கு முன்னாடி இந்தக் கூட்டலைப் போட்டுடுங்க.