ஃபில்டருக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒரு பாட்டில் தண்ணீர் பிடியுங்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். மூன்று வாரமாகக் காலையில் குழாயைத் திறந்தால் முதல் இரண்டு குடம் கலங்கலாக வருகிறது. சாக்கடை வாடை அடிக்கிறது. ஆறு வயது மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். வீட்டுக்காரர், "நீங்களே ஒரு ஃபில்டர் வாங்கி மாட்டிக்கோங்கம்மா" என்கிறார். ஃபில்டர் விற்கும் பையன் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் காட்டினான். ஒரு நிமிஷத்தில் செம்பழுப்பாகிவிட்டது. ஆர்.ஓ. மிஷின் 19,000 ரூபாயாம். வாங்கத்தான் வேண்டுமா? இந்தச் செலவையெல்லாம் யாரிடம் கேட்பது? இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது.
- வாசகி, சென்னை

பதில்: குழந்தை தேறிவிட்டாள் என்று நம்புகிறேன். இன்றிலிருந்து குடிக்க, சமைக்க, அவள் பல் தேய்க்க எல்லாவற்றுக்கும் தளதளவென்று கொதித்த தண்ணீரையே பயன்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கம், மலப் பரிசோதனை முடிவு, மருந்து பில் மூன்றையும் ஒரே உறையில் பத்திரமாக வையுங்கள்.

அந்தக் கம்பி வித்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துப் பயந்து பணம் கட்டியவர்கள் ஏராளம். அந்தக் கருவியில் இரும்புக் கம்பி இருக்கும். தண்ணீரில் சாதாரண உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும். இரும்பு கரைந்து துருவாகும். நீங்கள் பார்த்த பழுப்பு நிறம் அந்தத் துரு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். நல்ல கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் பழுப்பாகத்தான் மாறும். சாக்கடை கலந்திருக்கிறதா என்பதை இது காட்டவே காட்டாது. டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான்: அது கரைந்த உப்பை அளக்கும், கிருமியை அளக்காது. இப்படிப் பயமுறுத்தி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. முன்பணம் கொடுத்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தப்பு யாருடையது என்று இன்றைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெருக் குழாய் உடைந்து சாக்கடை இறங்கியிருக்கலாம். தண்ணீர் சில மணி நேரம் மட்டும் விடப்படும் ஊர்களில், சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து பக்கத்தில் கசியும் கழிவுநீர் விரிசல் வழியே உள்ளே போகும். காலையில் முதல் குடங்கள் மட்டும் நாறுவதற்கு அது ஒரு காரணமாகலாம். உங்கள் வீட்டுச் சம்ப்பே விரிசல் விட்டிருக்கலாம். தெரு லைனில் யாராவது நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினாலும் இதே கதிதான். அது சட்டவிரோதம், உங்கள் வீட்டில் அப்படி ஒரு மோட்டார் இருந்தால் முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் வழக்கு உங்கள் பக்கமே திரும்பும்.

ஆகவே மாதிரியை இரண்டு இடத்தில் எடுங்கள். ஒன்று, தண்ணீர் சம்ப்பில் விழுவதற்கு முன்னால். அடிபம்பு நேராகக் குடிநீர் வாரிய (மெட்ரோ வாட்டர்) லைனில் இருந்தால் அதிலேயே பிடிக்கலாம். இன்னொன்று, சமையலறைக் குழாயில். முதல் மாதிரியிலேயே மலக்கிருமி இருந்தால் கேள்வி குடிநீர் வாரியத்துக்கு. முதலாவது சுத்தம், இரண்டாவது அசுத்தம் என்றால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். சம்ப்பும் உள் குழாயும் அவருடையவை. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பட்டியலும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றும் பொறுப்பை வீட்டுக்காரரிடமே வைக்கிறது.

பாட்டிலைப் பரிசோதனைக்கூடத்திலிருந்தே வாங்குங்கள். கிருமிநீக்கம் செய்யாத பாட்டிலில் பிடித்தால் முடிவு செல்லாது. கிண்டி கிங் நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு முன், உங்கள் பகுதிக் குடிநீர் வாரிய டிப்போவுக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பொறியாளர் முன்னிலையில் மாதிரி எடுக்கக் கேளுங்கள். புகார் எண் முக்கியம். வாய்ச்சொல் புகார் நீதிமன்றத்தில் நிற்காது. ஐ.எஸ். 10500 தரப்படி 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

கூடவே பத்து ரூபாய் செலவில் ஒரு தகவல் உரிமை மனு. உங்கள் தெருவில் கடந்த மூன்று மாதத்தில் செய்த குளோரின் சோதனைகளின் முடிவையும், குழாய் பழுது பார்த்த தேதிகளையும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 'தகவல் உரிமை' என்ற சொல்லுக்குள், சான்றளிக்கப்பட்ட மாதிரி பெறும் உரிமையும் அடங்கும். பலருக்கு இது தெரிவதில்லை.

இணைப்பு உங்கள் பெயரில் இல்லை என்பது தடையல்ல. பணம் கட்டியவரின் சம்மதத்தோடு சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோரே. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊரில் குடிநீர் வரி வேறு, குடிநீர்க் கட்டணம் வேறு. வரி கட்டியதை மட்டும் காட்டினால், சேவைக்கு விலை கொடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். கட்டண ரசீதின் நகலை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை.

ஆனால் வாரியத்தின் மேல் என்றால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது நிரந்தர மக்கள் நீதிமன்றம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் குடிநீர் வழங்கலைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகச் சேர்த்திருக்கிறது. அங்கே சமரசம் ஏற்படாவிட்டாலும் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் உண்டு. வேறு நீதிமன்றத்தை நாடுவதற்கு முன்பே அங்கே போக வேண்டும்; அங்கே மனு போட்ட பிறகு அதே விஷயத்துக்கு வேறிடம் போக முடியாது. எனவே யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெண் என்ற முறையில், வருமானம் எதுவானாலும், இலவச வழக்கறிஞர் பெற உங்களுக்கு உரிமை உண்டு, 15100-ஐ அழையுங்கள். தெரு முழுவதும் இதே நிலை என்றால் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். சுத்தமான தண்ணீர் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே, சுபாஷ் குமார் வழக்கில், சொல்லிவிட்டது.

இனி ஃபில்டர். பரிசோதனை முடிவு வந்த பிறகு வாங்குங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆர்.ஓ. தேவையில்லை, 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அதே அளவைத்தான் வைத்தது. ஆர்.ஓ. மிஷின் நல்ல தண்ணீரில் பெரும்பகுதியைச் சாக்கடையில் விடும். கிருமிதான் பிரச்சினை என்றால் யு.வி. போதும், விலையும் குறைவு. ஆனால் கலங்கல் தண்ணீரில் யு.வி. ஒளி உள்ளே ஊடுருவாது, முன்னால் வண்டல் வடிகட்டி அவசியம். ஆர்.ஓ.தான் வேண்டும் என்று முடிவு வந்தால் ஐ.எஸ். 16240 எண் பார்த்து வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், நஷ்டஈட்டில் அதையும் கேட்கலாம். பரிசோதனை முடிவின் தேதிக்குப் பிந்தைய தேதியாக அந்த பில் இருக்கட்டும்.

நாளைக் காலை தண்ணீர் வரும்போது முதல் குடத்தைக் கொட்டிவிடாதீர்கள். வீடியோ எடுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. வழக்குப் போட்ட பிறகு ஆணையமே மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியும்தான். அதற்குள் குழாயைச் சரி செய்துவிட்டால் அப்போது எடுக்கும் மாதிரியில் ஒன்றும் இருக்காது.