புனேயிலிருந்து சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

அன்புள்ள மருமகனே,

புனேயின் லோகேகான் விமான நிலையத்தில் இரவு 2 மணிக்கு ஏறிக் காலை 10 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கினால் எட்டு மணி நேரப் பயணமா என்று கேட்டிருந்தாய். இல்லையடா. டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. கழித்துப் பார், ஐந்தரைதான் வரும்.

அந்த இரண்டரை எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேடிக்கை. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. புனே கிட்டத்தட்ட 74-ஆம் பாகையில் இருக்கிறது, சிங்கப்பூர் 104-இல். இடையே 30 பாகை. சூரியனைக் கேட்டால் இரண்டு மணி நேரம் என்றுதான் சொல்லும். மீதி அரை மணி, மனிதர் போட்ட கணக்கு. இந்தியா முழுமைக்கும் அலகாபாத் பக்கமாகப் போகும் 82.5 பாகைக்குக் கடிகாரம் வைத்தார்கள். அதனால் இங்கே புனேயின் கிர்க்கியில் சூரியன் உச்சிக்கு வர, சராசரியாக, 12.34 ஆகிவிடும். சிங்கப்பூர்க் கடிகாரமோ 120 பாகைக்கு வைத்தது. அங்கே உச்சிப்பொழுதே ஒரு மணிக்கு மேல். மலேசியா தன் இரு பகுதிகளையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவந்தபோது, 1982 புத்தாண்டு முதல் சிங்கப்பூரும் அதோடு சேர்ந்துகொண்டது.

இனி தூரம். உன் பள்ளி உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடி. ஓங்கோல் அருகே கரையைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, நிக்கோபார் வழியாக மலாக்கா நீரிணைக்குள் நுழையும். ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போன கடல் அது. நூலின் நீளம் சுமார் 3,800 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் நாலரை மணி நேரம். மிச்சம் ஒரு மணி? ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவது, மேலேறுவது, வான்வழித் தடங்களின் வளைவு, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது என்று போய்விடும்.

காற்றும் உண்டு. தென்மேற்குப் பருவமழை நாளில் தரையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, தென்னிந்தியாவின் மேலே வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது போவது எதிர்காற்றில், வருவது சாதகமாக.

லோகேகான் விமானப்படைத் தளம். ஓடுபாதை இரண்டரை கி.மீ. அளவுதான், பெரிய விமானம் முழுச் சுமையோடு நெடுந்தூரம் கிளம்ப அது போதாது. சிங்கப்பூருக்குச் சிறிய விமானமே போதும். 2022 டிசம்பரில் விஸ்தாரா விமான நிறுவனம் நேரடி விமானம் விட்டது. 2024 நவம்பரில் அந்த நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. நேர் விமானம் இருக்கிறதா என்று அப்பாவை முதலில் பார்க்கச் சொல். மும்பை சுற்றிப் போனால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

திரும்பும்போது அங்கே பகல் 12 மணிக்கு ஏறி இங்கே 3 மணிக்கு இறங்கினால், எத்தனை மணி நேரம் பயணம்? போட்டு எழுது.

அன்புடன்,
அத்தை