புதிரும் புத்தரிசியும்

கேள்வி: தைப்பொங்கலுக்கு அரச விடுமுறை உண்டு. சிங்கள மக்களுக்கு அறுவடைப் பெருநாள் இல்லையா?
— வாசகி, அலவத்துகொட

பதில்: இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்திலேயே. கண்டி தலதா மாளிகையின் நான்கு ஆண்டுப் பெருவிழாக்களில் ஒன்று ‘அலுத் சஹல் மங்கல்ய’, அதாவது புத்தரிசி விழா. துருத்து போயாவை ஒட்டி நடக்கும். முதல் நெல்லின் அரிசி முதலில் புத்தருக்கு, பிறகுதான் வீட்டுக்கு. யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தன்று புதிர் எடுப்பதும், அதாவது புது நெல்லை முதன்முதலாக வீட்டுக்கு எடுப்பதும், இதே நன்றியுணர்வுதான். 2024 ஜனவரி 25இல் துருத்து போயாவும் தைப்பூசமும் ஒரே பௌர்ணமியில் வந்தன!

ஆனால் என்னை மிகவும் நெகிழ வைப்பது தோட்டத்துப் பொங்கல். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களுக்கு இங்கே சொந்த வயல் இல்லை, அறுக்க நெல்லும் இல்லை. கடையில் வாங்கிய அரிசியை லயத்து வாசலில் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள்.