திடம் என்னும் புண்ணியம்: லெபனோன் திராட்சைத் தோட்டம் தரும் பாடம்



விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்னும் நான்கு தலையான புண்ணியங்களில், திடம் என்பது போர்வீரனுக்கு மாத்திரம் உரியதென்று பலர் எண்ணுகிறார்கள். வேதபாரகரான அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அப்படிப் போதிக்கவில்லை. எதிர்த்துத் தாக்குவதைவிட, ஆபத்தின் நடுவில் நன்மையை விடாமல் பற்றி நிற்பதே திடத்தின் முக்கிய கிரியை என்கிறார். இதற்கு ஓர் உதாரணம் கேளுங்கள்.

லெபனோன் நாட்டில் இரு மலைத்தொடர்களுக்கு நடுவே பெக்கா என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே க்ஸாரா என்னுமிடத்தில் சேசுசபைக் குருக்கள் 1857-ல் திராட்சரசம் செய்யத் தொடங்கி, 1973 வரை நடத்திவந்தார்கள். 1975 முதல் 1990 வரை அந்நாட்டை உள்நாட்டுப் போர் வதைத்தது.

பெக்காவில் பழம் வாங்கும் வேறோர் இரசச்சாலை முசார் என்பது. காஸ்தோன் ஹோஷார் என்பவர் 1930-ல் அதை ஸ்தாபித்தார். தோட்டம் பள்ளத்தாக்கில், இரசச்சாலையோ மலைக்கு அப்பால் கஸீர் என்னும் ஊரில். ஆகையால் போர்க்காலத்தில் பழத்தை லாரிகளில் ஏற்றி, ஆயுதம் தாங்கியவர்கள் மறித்து நிற்கும் சாலைகளைக் கடந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. 1976-ல் இரசம் செய்யவே கூடவில்லை. 1984-ல் பழம் வழியில் பல நாள் தாமதித்து, லாரியிலேயே புளிக்கத் தொடங்கிற்று. ஆயினும் அவர் குமாரன் செர்ஜ் ஹோஷார் தொழிலைக் கைவிடவில்லை. அடுத்த அறுப்புக்கு லாரிகள் மறுபடியும் புறப்பட்டன. 2006-லும் 2024-லும் அந்நாட்டின்மேல் திரும்பவும் குண்டுகள் விழுந்தன. தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியதென்ன? யுத்தம் ஓயட்டுமென்று திராட்சைக்கொடி காத்திராது. குளிர்காலத்தில் கிளை நறுக்காவிட்டால் கொடி காடாய்ப் படர்ந்து, பழம் சிறுத்துப்போகும். பழுத்ததைக் காலத்தில் பறிக்காவிட்டால் கெட்டுப்போகும். போரை நிறுத்த அந்தக் குடியானவனால் கூடாது. கொடியை நறுக்கக் கூடும். அறுப்பை யார் காண்பாரென்று அறியாமலே கத்தியை எடுத்தான். இதுவே திடம்.

குடியைப் புகழ இதைச் சொல்லவில்லை. குடியால் வீடுகள் அழிவதை நாம் அறிவோம். மட்டசனமும் தலையான புண்ணியமே. ஆனால் பூசைக்குத் திராட்சைப்பழத்தின் கெடாத இரசமே வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். ஆகவே பீடத்தின்மேல் காணிக்கையாகும் இரசத்தில் யாரோ ஒரு குடியானவனுடைய பொறுமையும் சேர்ந்திருக்கிறது.

நம் குடும்பங்களிலும் போர் உண்டு: பங்காளிச் சண்டை, கடன், தீராத வியாதி. "சண்டை தீர்ந்தபின் செபமாலை சொல்லுவோம், கடன் அடைந்தபின் பிள்ளைகளை ஞானோபதேசத்துக்கு அனுப்புவோம்" என்கிறவர்கள் நறுக்கும் காலத்தைத் தவறவிடுகிறார்கள். சண்டை ஒருநாள் தீரும். பிள்ளையின் பத்து வயது திரும்பி வராது.

இவ்வாரத் தீர்மானம்: கஷ்டத்தைச் சாக்காக வைத்து நிறுத்திவிட்ட நற்காரியம் ஒன்றை இன்றிரவே மறுபடி தொடங்குங்கள். போரினால் வருந்தும் லெபனோன் மக்களுக்காகக் குடும்பத்தோடு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.